எடையை மட்டும் பார்த்தால் போதுமா? நீள்வால் சைக்கிளுக்கும் வழிவிடுவோம்

இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தை அறிவியல் வகுப்பில் எல்லாரும் படிக்கிறோம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை நிறையால் பெருக்கி, பாதியாக்கினால் விடை வந்துவிடும். தேர்வு முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால், நம் வீட்டுக்குக் கீழே உள்ள பாதையில் எந்த வண்டி ஓடலாம், எது ஓடக்கூடாது என்ற கேள்விக்கும் அந்தச் சூத்திரம் பதில் சொல்லும். சட்டத்தை எழுதுகிறவர்களுக்கு மட்டுமன்றி, அந்தப் பாதையில் நடக்கும் நமக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரு மின்சைக்கிளின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. சுமை ஏற்றுவதற்கென்றே செய்யப்படும் மின்சாரச் சரக்கு சைக்கிள்கள் இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. இதனால், கார் இல்லாத குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒரு வண்டி நம் பாதைகளுக்கு வர முடியவில்லை. இந்த விதியை மறுஆய்வு செய்யலாம் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை உணர்ச்சியால் அல்ல, கணக்கால் காட்ட முயல்கிறேன். கணக்கை நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

நீள்வால் சைக்கிள் என்பது என்ன?

சுமை தூக்கும் சைக்கிள் நமக்குப் புதிதல்ல. பின்னால் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு மணியடித்தபடி வந்த ரொட்டிக்காரரையும், பால் பாத்திரங்களைத் தொங்கவிட்டு வீடு வீடாகச் சென்ற பால்காரரையும் உங்கள் தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கும். அவர்கள் ஓட்டியது சாதாரண சைக்கிள்தான். பாரம் ஏறினால் அதை ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

‘லாங்டெயில்’ எனப்படும் நீள்வால் சைக்கிள் அந்தச் சிரமத்தைப் பொறியியலால் தீர்க்கிறது. 1990களில் நிகராகுவா நாட்டில் பணியாற்றிய ரோஸ் எவன்ஸ் என்ற அமெரிக்கர், எளிய மக்கள் சைக்கிளில் பாரம் ஏற்றப் படும் பாட்டைக் கண்டு ஒரு வழி யோசித்தார். புதிய வண்டி செய்து விற்பதற்குப் பதிலாக, மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளிவிட்டால் என்ன என்பதே அந்த யோசனை. பின்னர் அவர் ‘எக்ஸ்ட்ராசைக்கிள்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ‘ஃப்ரீரேடிகல்’ என்ற நீட்டிப்புச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் இந்தச் சட்டத்தைப் பொருத்தினால், சக்கரம் சுமார் 38 செண்டிமீட்டர் பின்னுக்குப் போகும். நடுவில் கிடைக்கும் இடத்தில் பாரத்தை ஏற்றலாம்.

அதன் பிறகு ‘சர்லி’ நிறுவனத்தின் ‘பிக் டம்மி’ போன்ற வண்டிகள், முழுச் சட்டத்தையும் ஒரே அமைப்பாகவே நீளமாகச் செய்தன. இணைப்பு இல்லாததால் சட்டம் முறுக்கிக்கொள்வது குறைந்தது. தைவானைத் தலைமையகமாகக் கொண்ட ‘டெர்ன்’ நிறுவனத்தின் ‘ஜிஎஸ்டி’ என்ற மின்சைக்கிள் இன்னொரு படி மேலே போனது. 20 அங்குலச் சிறு சக்கரங்களைக் கொண்ட அதன் மொத்த நீளம் 180 செண்டிமீட்டர்தான். அது சாதாரண சைக்கிளின் நீளம். ஆனால் வண்டி, ஓட்டுநர், பாரம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 200 கிலோவை அது தாங்கும். பின்புறத்தைத் தரையில் ஊன்றி அதைச் செங்குத்தாகவும் நிறுத்தி வைக்கலாம். மின்தூக்கியில் ஏற்றவும், சிறிய வீட்டின் மூலையில் வைக்கவும் வசதியான ஏற்பாடு இது.

பாரம் எங்கே உட்காருகிறது?

பின்சக்கரத்தைத் தள்ளி வைத்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சாதாரண சைக்கிளின் இரு சக்கர மையங்களுக்கும் இடையே சுமார் 1 மீட்டர் தூரம் இருக்கும். பின்னிருக்கையில் 40 கிலோ அரிசியையும் காய்கறியையும் ஏற்றுகிறோம். பாரத்தின் மையம் பின்சக்கர அச்சுக்கு 15 செண்டிமீட்டர் பின்னால் விழுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது பின் அச்சே ஏற்றப்பலகையின் நடுப்புள்ளிபோல் ஆகிவிடுகிறது. பாரம் பின்னால் அழுத்த, முன்சக்கரம் மேலெழும்பப் பார்க்கிறது. 40 கிலோவை 15ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 6 வரும். முன்சக்கரத்தின் மேல் உள்ள எடை 6 கிலோ குறைந்துவிடுகிறது. சைக்கிளைத் திருப்புவது முன்சக்கரம்தானே? அதன் பிடிப்பு குறைந்தால் கைப்பிடி ஆடும், வண்டி தள்ளாடும்.

நீள்வால் சைக்கிளில் அச்சுகளுக்கு இடையே 138 செண்டிமீட்டர் தூரம். அதே 40 கிலோ இப்போது பின் அச்சுக்கு 20 செண்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 40ஐ 20ஆல் பெருக்கி 138ஆல் வகுத்துப் பாருங்கள். முன்சக்கரத்தின் மேல் எடை ஏறக்குறைய 6 கிலோ கூடுகிறது! ஒரே பாரம், ஒரே ஓட்டுநர். பாரம் அச்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது.

ஓட்டுவதும் ஒப்பனை செய்வதும்

இத்தகைய வண்டியை வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சந்தைக்குப் போகிறவர் இருபுறமும் பெரிய பைகளைத் தொங்கவிடுவார். பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறவர் மெத்தை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்கப் பலகை ஆகியவற்றைப் பொருத்துவார். பிள்ளையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் போகாமல் தடுக்கும் மறைப்பு கட்டாயம் தேவை. இரண்டு கால்களைக் கொண்ட அகலமான தாங்கியும் வேண்டும். ஒற்றைத் தாங்கியில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பாரம் ஏற்றினால் வண்டி கவிழ்ந்துவிடும்.

மழை அடிக்கடி பெய்யும் நம் ஊருக்கு வட்டு பிரேக் ஏற்றது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக், ஈரத்தில் வழுக்கும். வட்டு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் நீரும் சேறும் அதைக் குறைவாகவே தொடும். சிறிய சக்கரத்துக்கும் ஒரு நன்மை உண்டு. கம்பிகள் குட்டையாக இருப்பதால் சக்கரம் உறுதியாக இருக்கும், பாரமும் தாழ்வாக அமையும். பாரம் தாழ்ந்தால் கவிழும் போக்கு குறையும். ஆகவே கனமான பொருளை மேலே அடுக்காமல் பக்கப் பைகளின் அடியில் வைப்பதே முறை.

குறைகளும் உண்டு. வண்டி நீளமாக இருப்பதால் திரும்புவதற்கு அதிக இடம் வேண்டும். பாரத்தோடு புறப்படும் முதல் சில மீட்டர் தூரத்துக்குத் தடுமாற்றம் இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பழகிய பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பை, பலகை, கம்பி ஆகியவற்றை மாற்றுவது வேறு, மோட்டாரையும் மின்கலனையும் மாற்றுவது வேறு. வேகக் கட்டுப்பாட்டை நீக்குவதும் பொருந்தாத மின்கலனை இணைப்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை. லித்தியம் மின்கலன் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம் என்பதால் உயிருக்கும் ஆபத்தானவை.

மேட்டில்தான் சோதனை

இந்த வண்டிக்கு மோட்டார் எதற்கு? ஓட்டுநர் 60 கிலோ, வண்டி 33 கிலோ, பாரம் 40 கிலோ, ஆக மொத்தம் 133 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, சக்கர உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் சமாளிக்கச் சுமார் 80 வாட் போதும். ஓரளவு உடல்வலிமை உள்ள பெரியவர் ஒருவர் சுமார் 100 வாட் அளவுக்குத் தொடர்ந்து மிதிக்க முடியும். ஆகவே சமதளத்தில் மோட்டார் இல்லாமலே ஓட்டலாம்.

பாலத்தின் ஏற்றத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 5 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 180 வாட் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் 200 வாட்டைத் தாண்டிவிடும். அது சாதாரண மனிதரின் கால்களால் நீண்ட நேரம் தர முடியாத திறன். நம் உடல், உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் மிதிக்கும் வேலையாக மாற்றுகிறது. மீதி எல்லாம் வெப்பம். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் வியர்த்துக் கொட்டும்.

இங்கேதான் மோட்டார் கைகொடுக்கிறது. சிங்கப்பூர் விதி அனுமதிக்கும் 250 வாட் மோட்டாரே இந்த ஏற்றத்துக்குப் போதுமானது. கூடுதல் திறன் கொண்ட மோட்டாரை யாரும் கேட்கவில்லை. சிக்கல் வண்டியின் எடையில்தான் இருக்கிறது.

20 கிலோ எல்லை

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தெளிவானவை. மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மிதிக்கும்போது மட்டுமே அது உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். ஐரோப்பாவின் ‘இஎன் 15194’ தரத்துக்கு இணங்க இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் ஓட்டக்கூடாது. வண்டியின் எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

கடைசி விதியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நீள்வால் மின்சைக்கிள் இணங்க முடியும். நீண்ட சட்டம், கூடுதல் கம்பிகள் கொண்ட உறுதியான சக்கரம், அகலமான தாங்கி ஆகியவற்றோடு, மோட்டாரும் மின்கலனும் தலா 3 கிலோ அளவுக்கு வந்துவிடுகின்றன. 20 கிலோவுக்குள் அடக்க வேண்டுமென்றால் எதையாவது மெலிதாக்க வேண்டும். பாரம் சுமக்கும் வண்டியில் சட்டத்தையோ சக்கரத்தையோ பிரேக்கையோ மெலிதாக்குவது பாதுகாப்பு ஆகாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நாம் பின்பற்றும் தரம் ஐரோப்பாவினுடையது. அங்கும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற அதே எல்லைகள்தான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் மின்சைக்கிளுக்கு 20 கிலோ என்ற எடை எல்லை கிடையாது. அதற்குப் பதிலாக, பாரம் ஏற்றும் வண்டி எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும், பிரேக் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஜெர்மனி 2020இல் சரக்கு சைக்கிள்களுக்கென்றே ‘டிஐஎன் 79010’ என்ற தனித் தரத்தை வெளியிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடை எல்லையின் நோக்கம் நல்லது. பாதையில் நடக்கும் முதியவர் மீது கனமான வண்டி மோதக்கூடாது. ஆனால் மோதலின் கடுமையைத் தீர்மானிப்பது வண்டியின் எடை மட்டும்தானா?

சட்டப்படி செல்லும் ஒரு மின்சைக்கிளை எடுத்துக்கொள்வோம். வண்டி 20 கிலோ, ஓட்டுநர் 60 கிலோ, மொத்தம் 80 கிலோ. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 7 மீட்டர். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,930 ஜூல்.

இப்போது நீள்வால் மின்சைக்கிள். மொத்தம் 133 கிலோ. மோட்டாரின் உதவி மணிக்கு 15 கிலோமீட்டரில் நின்றுவிடுவதாகவும், அந்த வேகத்திலேயே வண்டி செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் சுமார் 1,150 ஜூல்தான். அரை நூறு கிலோ கூடுதலாகச் சுமந்தும், அதன் ஆற்றல் 40 விழுக்காடு குறைவு!

உந்தத்தையும் பார்த்துவிடுவோம். அதற்கு நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும். 80ஐ 25ஆல் பெருக்கினால் 2,000. 133ஐ 15ஆல் பெருக்கினால் 1,995. இரண்டும் ஏறக்குறைய சமம். ஆக, இன்று சட்டம் அனுமதிக்கும் வண்டியைவிட, மெதுவாகச் செல்லும் நீள்வால் வண்டி எந்தக் கணக்கிலும் ஆபத்து கூடியதல்ல.

எதிர்க் கணக்கையும் மறைக்கக்கூடாது. அதே நீள்வால் வண்டியை 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல விட்டால் ஆற்றல் 3,200 ஜூலைத் தாண்டிவிடும். ஆகவே “எடை எல்லையை நீக்கிவிடுங்கள்” என்று நான் சொல்லவில்லை. எடை கூடினால் வேகம் குறையட்டும் என்கிறேன். சரக்கு மின்சைக்கிளுக்கு எனத் தனிப் பிரிவு வேண்டும். எடை எல்லையை 35 கிலோவாக உயர்த்தி, மோட்டார் உதவியின் வேக எல்லையை மணிக்கு 15 கிலோமீட்டராகக் குறைக்கலாம்.

ஒப்பிட இன்னொன்று. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 1,45,000 ஜூல். நீள்வால் சைக்கிளைப்போல நூறு மடங்குக்கும் மேல். பக்கத்துப் பேட்டைச் சந்தைக்குப் போய் 40 கிலோ பொருளை வாங்கி வர, இத்தனை பெரிய இரும்பை நகர்த்த வேண்டுமா?

“இதெல்லாம் இங்கே சரிவருமா?”

முதல் மறுப்பு பழைய காயத்திலிருந்து வருகிறது. மின்ஸ்கூட்டர்களால் நடைபாதைகளில் விபத்துகள் நேர்ந்தன, 2019 நவம்பரில் அவை நடைபாதையில் ஓடத் தடை வந்தது. இன்னொரு வண்டியை அனுமதித்தால் அதே கதைதானே என்று பெரியவர்கள் அஞ்சுவது நியாயமே. ஆனால் நீள்வால் மின்சைக்கிளுக்கு நடைபாதை வேண்டாம். சைக்கிள் பாதையும் சாலையும் போதும். சைக்கிள் பாதைகளின் மொத்த நீளத்தை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்கும் திட்டம் ஏற்கெனவே நடைபெற்று வருகிறது.

இரண்டாவது, சிலர் வேகக் கட்டுப்பாட்டைத் திருட்டுத்தனமாக நீக்கிவிடுவார்கள் என்பது. உண்மைதான். ஆனால் அந்தத் திருட்டு 20 கிலோ வண்டியிலும் நடக்கலாம். எடை எல்லை அதைத் தடுக்கவில்லை. அதைத் தடுப்பது பதிவும் சோதனையும் அபராதமும்தான். அவை புதிய பிரிவுக்கும் இருக்கட்டும்.

மூன்றாவது, வைக்க இடம். இதுதான் மூன்றிலும் வலுவான மறுப்பு என்பேன். அடுக்குமாடி வீட்டின் பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். அவசரத்தின்போது தீயணைப்பாளர்களும் நோயாளியின் படுக்கையும் செல்லும் வழி அது. அதை ஆக்கிரமிக்கும் உரிமை எந்த சைக்கிளுக்கும் இல்லை. ஆகவே வண்டியை அனுமதிப்பதோடு, கீழ்த்தளத்தில் பூட்டி வைக்க இடமும், மின்கலனைப் பாதுகாப்பாக மின்னேற்ற வசதியும் சேர்ந்தே வர வேண்டும். அவை இல்லாமல் விதியை மட்டும் தளர்த்தினால் சிக்கல் பாதையிலிருந்து வீட்டு வாசலுக்கு இடம்பெயரும்.

சோதித்துப் பார்ப்பதில் என்ன தவறு?

சிங்கப்பூர் இப்படிப்பட்ட கேள்விகளைச் சோதித்துப் பார்த்துத் தீர்த்த அனுபவம் உள்ள நாடு. நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா என்ற கேள்வி எழுந்தபோது, 2007இல் தெம்பனிஸ் நகரில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகுதான் விதிகள் மாறின. அதுபோல, அகலமான சைக்கிள் பாதைகள் உள்ள ஒரு நகரைத் தேர்ந்தெடுத்து, சில நூறு சரக்கு மின்சைக்கிள்களை ஓராண்டு ஓடவிட்டுப் பார்க்கலாம். எத்தனை விபத்துகள், எத்தனை கார்ப் பயணங்கள் குறைந்தன, பாதசாரிகள் என்ன சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். முடிவு பாதகமாக வந்தால், என் கருத்து தவறு என்று அந்த எண்களே சொல்லட்டும்.

இதில் அக்கறை காட்ட வேண்டிய காரணம் பணத்திலும் இருக்கிறது. சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணமே 2023 அக்டோபரில் 100,000 வெள்ளியைத் தாண்டியது. அந்தச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். பேருந்தும் ரயிலும் நம்மை நன்றாகவே சுமக்கின்றன. ஆனால் இரு கைகளிலும் பைகளோடு பிள்ளையையும் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறும் தாய்க்கு, வீட்டிலிருந்தே உணவு சமைத்து விற்கும் அக்காவுக்கு, முழங்கால் வலியோடு சந்தைக்குப் போகும் பெரியவருக்கு, காருக்கும் வெறுங்கைக்கும் நடுவில் ஒரு வண்டி தேவைப்படுகிறது.

உங்களில் பலருக்கு இன்னும் 16 வயது ஆகியிருக்காது. இப்போது மின்சைக்கிள் ஓட்ட முடியாது. ஆனால் கணக்குப் போடலாம். உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் 3 கிலோமீட்டருக்குள் செய்யும் பயணங்களைக் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடை சுமந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் புளோக்கிலிருந்து சந்தை வரை உள்ள பாதையின் அகலத்தை அளந்து, ஏற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மேலே உள்ள கணக்கில் என் எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 15 கிலோமீட்டர் என்ற எல்லை கூடுதல் என்று தோன்றினால் அதையும் வாதிடுங்கள்.

விதிகளை மதிக்க வேண்டும். அதே வேளையில், ஒரு விதி எதை அளக்கிறது, எதைத் தடுக்க விரும்புகிறது, அந்த இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்பதும் குடிமக்களின் கடமை. 20 கிலோ விதி எடையை அளக்கிறது. அது தடுக்க விரும்புவதோ மோதலின் கடுமையை. அதில் எடைக்கு ஒரு பங்கு என்றால், வேகத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்து அளக்கும் விதி வந்தால், முதியவரின் பாதுகாப்பும் குறையாது, தாயின் கைச்சுமையும் இறங்கும்.